குழந்தைகளுக்கு ஒரு வீடு: மரியா மாண்டிசோரி அம்மையாரின் வாழ்வும் பணியும்

தெருவுக்கு ஒரு மழலையர் பள்ளி தோன்றிவிட்ட காலம் இது. அவற்றுள் பலவற்றின் பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்னும் சொல்லைக் காண்கிறோம். அஃது ஓர் ஊரின் பெயரா, ஒரு பாடமுறையின் பெயரா, ஓர் ஆளின் பெயரா என்று வினவினால், தம் பிள்ளைகளை அங்குச் சேர்த்திருக்கும் பெற்றோருள் பலர் விடை கூறத் தயங்குவர். அதனினும் வியப்பு, அப்பெயருக்குரிய அம்மையார் நம் தமிழ் மண்ணில், சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும், பல ஆண்டுகள் வாழ்ந்தவர் என்னும் செய்தி படித்தவரிடையேயும் பரவலாக அறியப்படாமலிருப்பது. வண்ணக் கட்டைகளும் மணிச்சட்டங்களுமே மாண்டிசோரி முறை என்று எண்ணப்படும் இந்நாளில், அக்கட்டைகளுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையை மாணவர்க்கும், பள்ளிகளை நிறுவி நடத்தும் சமுதாயப் பெரியோர்க்கும் எடுத்துரைப்பது நம் கடமையாகிறது.

இத்தாலி நாட்டின் அங்கோனா மாவட்டத்தில், கியாரவல்லே என்னும் சிற்றூரில், 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசின் புகையிலைத் தொழிலைச் சார்ந்த அலுவலர். பழைய ஒழுக்கங்களில் ஊன்றியவர். தாயார் ரெனில்தே நூல்கள் பல கற்றவர். பெண்கள் நூல் படிப்பது அரிதாயிருந்த அந்நாளில் மகளின் விருப்பங்களுக்கெல்லாம் துணைநின்றவர் அத்தாயே. 1875இல் குடும்பம் உரோமை நகருக்குக் குடிபெயர்ந்தது. படிக்க விரும்பும் பெண்ணுக்கு ஆசிரியப் பணி ஒன்றே உகந்தது என்று பெற்றோர் கருதினர். மரியாவோ அதைத் தவிர வேறு எதுவாயினும் ஆகலாம் என்று பிடிவாதமாக நின்றார். உலகமெங்கும் ஆசிரியர்க்கு ஆசிரியராக விளங்கவிருந்தவர் இளமையில் ஆசிரியத் தொழிலை வெறுத்தார் என்பது நினைக்க இனிய முரண். பதின்மூன்றாம் வயதில் ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியிற் சேர்ந்தார். பொறியியல் பயில எண்ணி, பின் மனம் மாறி, மருத்துவம் பயிலத் துணிந்தார். தந்தையார்க்கு இஃது உவப்பாயில்லை.

உரோமைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வகுப்பில் ஒரு பெண் அமர்வதை உடன்பயின்ற ஆடவர் விரும்பவில்லை. ஆடையற்ற சடலத்தை ஆண்களும் பெண்ணும் ஒருங்கே நின்று அறுத்துப் பயில்வது நாகரிகமன்று என்று கருதப்பட்டமையால், ஏனைய மாணவர் சென்றபின் மாலைப்பொழுதில் தனியாகவே அவர் சடலக் கூறாய்வு பயில நேர்ந்தது. பிணவாடையும் மங்கிய விளக்கொளியும் சூழத் தனித்து நின்று கற்ற அம்மாணவி 1896 ஜூலையில் மருத்துவப் பட்டம் பெற்று வெளிவந்தார். இத்தாலியின் முதற் பெண் மருத்துவர் இவரே என்று எழுதுவாருளர். அது பொருந்தாது, இவருக்கு முன்னரே அங்கு மருத்துவப் பட்டம் பெற்ற பெண்கள் சிலர் இருந்தனர். அவ்வாறு கூறாமலே அவர் பெருமை நிலைக்கும். அதே ஆண்டு பெர்லினில் கூடிய அனைத்துலக மகளிர் மாநாட்டில் இத்தாலியப் பெண்களின் சார்பில் பேசி, உழைக்கும் பெண்டிர்க்கு ஆடவர்க்கு நிகரான ஊதியம் வேண்டும் என்று வாதிட்டார்.

பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்த மரியா, நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பதற்காக நகரத்து மனநோய்க் காப்பகங்களுக்குச் சென்றுவந்தார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அந்நாளில் மனநோயாளரோடு சேர்த்து அங்கேதான் அடைத்து வைத்திருந்தனர். ஓர் அறையில் அத்தகைய குழந்தைகள் சிலர். உண்டு முடித்ததும் தரையிற் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கித் திரிகின்றனர், என்ன பேராசை என்று காவற்பெண் அருவருப்போடு கூறினாள். மருத்துவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவர்களும் தரையுமன்றி அங்கு ஒன்றுமில்லை. கையில் எடுக்க, உருட்ட, பிசைந்து பார்க்க அக்குழந்தைகளுக்குக் கிடைத்த ஒரே பொருள் அந்த ரொட்டித் துணுக்குத்தான். அவர்கள் வயிற்றுப் பசிக்காக அவற்றைப் பொறுக்கவில்லை என்பது அவருக்கு விளங்கிற்று. இக்குழந்தைகளுக்கு வேண்டுவது மருந்து மட்டுமன்று, கல்வியும் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். பிரெஞ்சு நாட்டு மருத்துவர்கள் இத்தார், செகென் ஆகியோர் நூல்களைத் தேடிப் படித்தார்.

1900இல் உரோமையில் இத்தகைய குழந்தைகளுக்கெனத் தொடங்கப்பெற்ற பயிற்சி நிலையத்துக்கு அவர் இணை இயக்குநரானார். பகலெல்லாம் குழந்தைகளோடிருந்து, இரவில் குறிப்பெழுதி, தாமே கற்றற் கருவிகளை வடிவமைத்தார். அங்குப் பயின்ற குழந்தைகளுட் சிலர் பொதுப்பள்ளி மாணவர் எழுதும் தேர்வுகளில் தேறினர். ஊரார் வியந்து பாராட்டினர். அம்மையாரோ வேறொரு திசையில் எண்ணினார். வளர்ச்சி குன்றிய குழந்தைகள் நல்ல குழந்தைகளுக்கு நிகராக எழுதுகின்றனர் என்றால், நல்ல குழந்தைகளை நம் பள்ளிகள் எந்த அளவுக்குக் கீழே நிறுத்தி வைத்திருக்கின்றன என்பதே அவரை உறுத்திய கேள்வி.

தாயும் மகனும்

இங்கே அவர் வாழ்வின் துயரமான பகுதி ஒன்றைக் கூறவேண்டும். மறைத்துவிட்டு எழுதும் வழக்கமும் உண்டு. நாம் அவ்வாறு செய்வதற்கில்லை. உடன் பணிபுரிந்த மருத்துவர் ஜுசேப்பே மாண்டெசானோவுக்கும் அவருக்கும் 1898 மார்ச்சு 31ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. அவர்கள் மணம் செய்துகொள்ளவில்லை. மணமாகாத பெண் ஒருத்திக்குக் குழந்தை உண்டு என்று வெளிப்பட்டால் மருத்துவர் என்ற நிலையும் பொதுவாழ்வும் அன்றோடு முடிந்துபோகும் காலம் அது. மரியோ என்று பெயரிடப்பட்ட அக்குழந்தை நகருக்கு வெளியே ஒரு சிற்றூர்க் குடும்பத்தில் செவிலித்தாயிடம் ஒப்படைக்கப்பட்டது. 1901இல் மாண்டெசானோ வேறொரு பெண்ணை மணந்தார். அவ்வாண்டே அம்மையார் தாம் புகழீட்டிய பயிற்சி நிலையத்தை விட்டு வெளியேறினார்.

அதன்பின் அவர் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவியாகச் சேர்ந்து மெய்யியலும் கல்வியியலும் பயின்றார். அவ்வப்போது சிற்றூர் சென்று மகனைப் பார்த்து வருவார். தாய் என்று சொல்லிக்கொள்ளமாட்டார். எங்கிருந்தோ வந்து அன்பு காட்டிச் செல்லும் ஓர் அழகிய அம்மையாராகவே அச்சிறுவன் அவரை அறிந்திருந்தான்.

அவர் செய்த முடிவை இன்றிருந்து எடைபோடுவது எளிது. அன்று ஆணுக்கு இல்லாத தண்டனை பெண்ணுக்கு மட்டும் இருந்தது என்பதை மறந்துவிட்டு எடைபோடுவது நேர்மையாகாது. எனினும் ஒன்று கூறலாம். வேலைக்குச் செல்லும் தாய் தன் குழந்தையை எங்கே விட்டுச் செல்வாள் என்ற கேள்வியை அக்காலத்துக் கல்வி அறிஞர் பலர் எழுப்பவேயில்லை. மாண்டிசோரி அம்மையார் தம் பணி முழுவதையும் அக்கேள்வியின் மேல்தான் எழுப்பினார்.

சான் லொரென்சோ

உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதி அந்நாளில் ஏழ்மைக்கும் குற்றங்களுக்கும் பெயர்பெற்றது. கட்டட வணிகத்தின் வீழ்ச்சியால் பாதியில் நின்றுபோன அடுக்குமாடிக் கட்டடங்களில் ஏழைகள் கூட்டங்கூட்டமாகக் குடியேறியிருந்தனர். ஒரு கட்டட நிறுவனம் அவற்றுட் சிலவற்றை வாங்கிச் செப்பனிட்டு உழைக்கும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின் பள்ளி வயதை எட்டாத சிறுபிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து, வெள்ளையடித்த சுவர்களைப் பாழ்படுத்தினர். சுவரைக் காப்பாற்றுவதற்காகத்தான் நிறுவனத்தின் இயக்குநர் எதுவார்தோ தலாமோ ஒரு வழி தேடினார். பழுதுபார்க்கச் செலவாகும் பணத்தைக் கொண்டே அப்பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி, மாண்டிசோரி அம்மையாரை அழைத்தார். உலகப் புகழ்பெற்ற கல்விமுறை ஒன்றின் தொடக்கம் வெள்ளையடித்த சுவரைப் பற்றிய கவலைதான் என்பதைப் பள்ளி நடத்துவோர் மறவாதிருப்பது நன்று.

1907 ஜனவரி 6ஆம் நாள் மார்சி தெருவின் 58ஆம் எண் கட்டடத்தில் ஓர் அறை திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள். அழுக்குடையும் அச்சம் நிறைந்த கண்களுமாய் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நின்றனராம். குழந்தைகளின் வீடு என்று அதற்குப் பெயர் அமைந்தது. பள்ளி என்னாமல் வீடு என்றது வெறும் சொல்லழகு அன்று. அக்கட்டடத்தில் குடியிருப்போர் அனைவர்க்கும் உரிய பொதுச்சொத்தாகவே அவ்வறை கருதப்பட்டது. ஆசிரியை அதே கட்டடத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. தாய்மார் எந்நேரமும் வந்து பார்க்கலாம். வாரம் ஒருமுறையேனும் ஆசிரியையைக் கண்டு, குழந்தை வீட்டில் எப்படியிருக்கிறது, பள்ளியில் எப்படியிருக்கிறது என்று கலந்து பேசவேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டித் தூய உடையுடுத்தி அனுப்புவது பெற்றோர் பொறுப்பு. கட்டணம் கிடையாது. அதற்கு ஈடாகக் கேட்கப்பட்டது இந்தப் பொறுப்பு மட்டுமே.

மருத்துவராகிய அம்மையார் குழந்தைகளின் எடையை வாரந்தோறும், உயரத்தை மாதந்தோறும் அளந்து ஒவ்வொருவர்க்கும் தனிக்குறிப்பேட்டில் பதிவுசெய்யும் முறையை வகுத்தார். என்ன உண்ணவேண்டும், எத்தனை முறை உண்ணவேண்டும் என்று தம் நூலில் ஓர் இயலே எழுதினார். சத்துள்ள சூப்பு, பால், முட்டை, ரொட்டி என்று அவர் அதில் விரித்துக் கூறுவதைப் படிக்கும்போது கல்வியியல் நூலைப் படிக்கிறோமா, சமையற்குறிப்பைப் படிக்கிறோமா என்று ஐயம் எழும். 1982இல் சத்துணவுக்கூடங்களையும் 2022இல் காலை உணவுத் திட்டத்தையும் கண்ட தமிழ்நாட்டார்க்கு அந்த இயலின் பொருளை விளக்கவேண்டுவதில்லை.

தரையோடு பிணைத்த கனத்த சாய்பலகைகள் அந்நாளைய பள்ளிகளில் இருந்தன. அம்மையார் குழந்தை தானே தூக்கி நகர்த்தக்கூடிய சிறு மேசை நாற்காலிகளையும், எட்டும் உயரத்தில் கைகழுவும் தொட்டிகளையும், தாழ்ந்த அலமாரிகளையும் அமைப்பித்தார். முன்பு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காகச் செய்த கருவிகளை இங்குக் கொண்டுவந்தார். பின்னர் எல்லாவற்றையும் கவனித்து எழுதிக்கொண்டிருந்தார். கண்டவை அவரையே வியப்பில் ஆழ்த்தின.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையின் துளைகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாயிருந்தாள். அம்மையார் மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார், அவள் நிமிரவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். கட்டையை மடியில் அணைத்துக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்தபின், உறக்கம் தெளிந்து எழுந்தவளைப் போல முகமலர்ந்து சுற்றிலும் பார்த்தாள். சிறுபிள்ளைகளின் மனம் ஒன்றில் நிலைக்காது என்று நம்பிவந்த கல்வியுலகம் அச்சிறுமியிடம் பாடம் கேட்க வேண்டியதாயிற்று. பிறிதொரு நாள் அலமாரியைப் பூட்ட ஆசிரியை மறந்துவிட்டாள். மறுநாள் வந்து பார்த்தபோது பிள்ளைகள் தாமே பொருள்களைத் தேர்ந்தெடுத்து வேலையைத் தொடங்கியிருந்தனர். திருட்டு என்று ஆசிரியை கருதியதை அம்மையார் தெரிவு என்று கண்டார். அன்றுமுதல் அலமாரிகள் திறந்தே இருந்தன. செல்வர்கள் அன்பளிப்பாக வழங்கிய விலையுயர்ந்த பொம்மைகளோ எடுப்பாரின்றிக் கிடந்தன.

நம் மனத்தைப் பெரிதும் தொடுவது மூக்குச் சிந்தக் கற்பித்த நிகழ்ச்சி. ஒருநாள் அம்மையார் கைக்குட்டையை எடுத்து, ஓசையின்றி, பிறர் கவனம் ஈர்க்காமல் மூக்கைத் துடைக்கும் முறையைக் காட்டினார். குழந்தைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மூச்சடக்கிக் கவனித்திருந்தனர். முடிந்ததும் நாடகக் கொட்டகையில் எழுவது போன்ற கைதட்டல் எழுந்தது. அவர் வாயிலை நோக்கி நடக்க, பிள்ளைகள் பின்தொடர்ந்து நன்றி கூறினர். காரணத்தை அம்மையார் பிறகே உணர்ந்தார். ஒழுகும் மூக்குக்காக எந்நேரமும் வசவு வாங்கும் பிள்ளைகள் அவர்கள். அதைத் துடைப்பது எப்படி என்று அவமானப்படுத்தாமல் ஒருவரும் அதுவரை கற்றுக்கொடுத்ததில்லை. நம் வகுப்பறைகளில் ஏழைப் பிள்ளையின் அழுக்குச் சட்டையும் எண்ணெய் காணாத தலையும் எத்தனை முறை ஏளனத்துக்கு உள்ளாகின்றன என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம்.

எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் அம்மையார்க்குத் தொடக்கத்தில் இல்லை. எழுத்தறியாத தாய்மார்தாம் வந்து கேட்டனர். அவர்கள் வேண்டுகோளுக்கிணங்கி, உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவி ஒலியைச் சொல்லும் முறையை உருவாக்கினார். சில மாதங்கள் கழிந்தபின், குளிர்கால வெயில் இதமாயிருந்த ஒருநாள் மாடித்தளத்தில் ஐந்து வயதுப் பையனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன் திகைத்து நின்றான். பின் எழுதத் தெரிந்துவிட்டதாகக் கூவிக்கொண்டே தரையில் சொற்களை எழுதலானான். அதைக் கண்ட மற்றப் பிள்ளைகளும் சுண்ணக்கட்டி கேட்டு ஓடிவந்தனர். அதன்பின் வீடுகளில் தரை, கதவு, ரொட்டியின் மேற்புறம் என்று எங்கும் எழுத்தாயிற்று. கையெழுத்திடத் தெரியாத தாய்மார் தாளும் பென்சிலும் வாங்கித் தந்தனர். பள்ளியின் பாடம் வீட்டுக்குள் இவ்வாறு நடந்து சென்றது. கற்ற பிள்ளை வீட்டைத் தூய்மையாக வைத்துக்கொள்ளத் தாயைத் தூண்டியது; சன்னல்களில் பூந்தொட்டிகள் தோன்றின என்பர்.

அடுத்த ஆண்டு இறுதியில், 1908 டிசம்பர் 28ஆம் நாள், தென்னித்தாலியின் மெசீனா நகரை நிலநடுக்கம் அழித்தது. பெயரும் ஊரும் சொல்லத் தெரியாத அநாதைக் குழந்தைகள் ஏறத்தாழ அறுபது பேர் உரோமைக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரு கன்னியர் மடத்தில் அம்மையாரின் முறையில் வளர்க்கப்பட்டனர். உண்ணாமல், பேசாமல், இரவில் அலறிக்கொண்டிருந்த அவர்களுக்கு முதலிற் கொடுக்கப்பட்டது பாடமன்று. மேசை விரிக்கவும், தட்டு வைக்கவும், செடிக்கு நீரூற்றவும், வளர்ப்புயிர்களைப் பேணவும் கற்பிக்கப்பட்டனர். சிறிது சிறிதாகப் பசியும் உறக்கமும் மீண்டன. சிரிப்பும் ஓட்டமும் வந்தன. போரினால் நைந்த குழந்தைகளுக்கு உதவ ஓர் உலக அமைப்பு வேண்டும் என்று முதல் உலகப்போர்க் காலத்தில் அவர் முயன்றதற்கு இவ்வனுபவமே வித்து எனலாம். அம்முயற்சி கைகூடவில்லை.

புகழும் பூசலும்

1909இல் அவர்தம் முதன்மை நூல் வெளிவந்தது. 1912இல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது. அமெரிக்கா ஆர்வத்தோடு வரவேற்றது. 1915இல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறையில் குழந்தைகள் பயில்வதை மக்கள் வெளியில் நின்று கண்டனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே கில்பாட்ரிக் என்னும் பேராசிரியர் இம்முறையில் புதுமை பெரிதில்லை என்று கடுமையாகத் திறனாய்ந்து ஒரு நூல் எழுதியிருந்தார். அங்கு எழுந்த ஆர்வம் விரைவிலேயே தணிந்தது. அம்மையார் தம் கருவிகளிலும் பயிற்சியிலும் பிறர் கைவைக்க விடாமல் இறுக்கமாக இருந்தார் என்னும் குறையில் உண்மை உண்டு. அவ்விறுக்கமும் செலவும் சேர்ந்து, சேரிப்பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை பல நாடுகளில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் உடைமையாயிற்று. இஃது அவர் விரும்பியதன்று, எனினும் நிகழ்ந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 முதல் நடைமுறைக்கு வந்து பின் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஏழைப் பிள்ளைகள் தரையிலமர்ந்து தாமே அட்டையெடுத்துப் பயின்றதைக் கண்டவர்கள் சான் லொரென்சோவின் சாயலைச் சிறிதேனும் கண்டிருப்பர்.

1912 டிசம்பரில் தாயார் ரெனில்தே மறைந்தார். அடுத்த ஆண்டு, உறைவிடப் பள்ளியில் பயின்றுவந்த மரியோவைக் காண அம்மையார் சென்றபோது, பதினைந்து வயதை எட்டியிருந்த அவன் அவர்தாம் தன் தாய் என்று தான் அறிந்திருப்பதாகக் கூறி, தன்னை அழைத்துச் செல்ல வேண்டினான். அவன் அன்றே அவருடன் புறப்பட்டுவிட்டான். அதன்பின் இருவரும் பெரும்பாலும் பிரியவில்லை. ஆனால் உலகத்தார் முன் அவனை உறவினன் என்றும் வளர்ப்பு மகன் என்றுமே பல்லாண்டுகள் கூறிவந்தார்.

இத்தாலியில் முசோலினியின் ஆட்சி 1924 முதல் அவர் பள்ளிகளுக்கு ஆதரவளித்தது, அவரும் ஏற்றார். இதனைக் குறைகூறுவோர் கூற்றை மறுப்பதற்கில்லை. குழந்தைகளுக்குச் சீருடை அணிவித்துப் படைவீரராக்கும் போக்கோடு குழந்தையின் விடுதலை ஒன்றிவராது என்பது தெளிவான பின், 1934இல் அவ்வுறவு முறிந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜியரும் மூடினர். அவர் வாழ்ந்துவந்த பார்சலோனாவில் 1936இல் உள்நாட்டுப்போர் மூண்டது. நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

அடையாறும் கொடைக்கானலும்

அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்தனர். 1939ஆம் ஆண்டின் இறுதியில் அறுபத்தொன்பது வயதில் மகனோடு சென்னை வந்திறங்கினார் அம்மையார். சில மாதப் பயிற்சி நடத்தித் திரும்புவதே திட்டம். அடையாற்றில் ஓலைக்கொட்டகைகள் எழுப்பப்பட்டன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் வந்து குழுமினர். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார்; மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைப்பார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கில ஆட்சிக்கு இருவரும் பகைநாட்டார் ஆயினர். மரியோ அகமதுநகர்த் தடுப்புமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்; முதியவரான அம்மையார் அடையாற்று எல்லைக்குள்ளேயே இருக்கப் பணிக்கப்பட்டார். பதினைந்து ஆண்டு காத்திருந்து பெற்ற மகன் மீண்டும் பிரிக்கப்பட்டான். ஆகஸ்டு 31 அவருக்கு எழுபதாம் பிறந்தநாள். அதனையொட்டி அரசு மரியோவை விடுவித்தது. அச்செய்தியைத் தெரிவித்த வைசிராயின் தந்தி, அவருக்குரிய பிறந்தநாள் பரிசாக மகனையே திருப்பி அனுப்புவதாகக் கூறியது என்பர். உறவினன், வளர்ப்பு மகன் என்னும் அடைகள் யாவும் நீங்கி, மகன் என்ற சொல் ஓர் அரசுத் தாளில் அவரைத் தேடி வந்தது.

போர் முடியும்வரை நாட்டை விட்டுச் செல்ல வழியில்லை. பேரக்குழந்தைகள் நெதர்லாந்தில் சிக்கியிருந்தனர். இந்நிலையிலும் அவர் ஓயவில்லை. கொடைக்கானல் மலையில், பல வயதுப் பிள்ளைகள் கலந்து பயிலும் சிறு பள்ளி ஒன்று அவர் மேற்பார்வையில் நடந்தது. சுவர்களுக்குள் நடந்த பாடத்தை அங்கு வெளியே கொண்டுவந்தார். இலைகளையும் பூச்சிகளையும் தவளைகளையும் பிள்ளைகள் திரட்டிவருவர். அவற்றிலிருந்து தாவரம், விலங்கு, நிலம், வானம், மனித வரலாறு என்று ஒன்றோடொன்று பிணைந்த பெரும்பாடம் விரியும். ஆறு வயதுக்கு மேற்பட்டோர்க்கான அண்டக்கல்வி என்னும் அவர்தம் கொள்கை அம்மலையில்தான் வடிவம் பெற்றது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்தின அப்பணியில் துணைநின்றார். 1944இல் கொழும்பிலும் பயிற்சி நடைபெற்றது.

நம் நாட்டுத் தாய்மார் கைக்குழந்தையை எங்கும் தம்மோடு சுமந்துசெல்வதையும், குழந்தை தாயின் பேச்சையும் உலகத்தையும் ஒருங்கே உட்கொள்வதையும் அவர் ஊன்றிக் கண்டார். பிறந்தது முதல் மூன்று வயதுவரையுள்ள பருவத்தைப் பற்றிய அவர் சிந்தனை ஆழம் பெற்றது இவ்வாண்டுகளிலே. 1949இல் அடையாற்றிலிருந்து வெளிவந்த ஈர்க்கும் மனம் பற்றிய அவர் நூல் இன்றும் உலகமெங்கும் பயிலப்படுகிறது. சென்னையில் அச்சேறிய அந்நூலை நம் கல்லூரி நூலகங்களில் தேடிப் படிக்குமாறு மாணவக் கண்மணிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

1946இல் ஐரோப்பா திரும்பினார்; மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார்; 1949இல் புதிதாய்த் தோன்றியிருந்த பாகிஸ்தானின் கராச்சியிலும் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளிலும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை.

1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தின் கடற்கரை ஊராகிய நார்ட்வெய்க்கில், மரியோ அருகிலிருக்க, அம்மையார் மறைந்தார். எந்த மண்ணில் உயிர் பிரிகிறதோ அங்கேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே அடக்கம் செய்தனர். அவர் எழுதிவைத்திருந்த இறுதி விருப்பாவணத்தில் மரியோவைத் தம் மகன் என்றே குறித்திருந்தார். தாயின் பணியை ஏற்ற மரியோ, 1982இல் தாம் மறையும்வரை, அவர் நிறுவிய அனைத்துலக அமைப்பை நடத்திவந்தார்.